காளங்கன்றுக்குப் பரிசு இல்லை

கால்நடை சிறப்பு முகாம் என்றால் கடைசி நிகழ்ச்சி கிடேரிக் கன்றுப் பேரணிதான். குடற்புழு மருந்து, சினைப் பரிசோதனை, தடுப்பூசி எல்லாம் முடிந்து, மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்த பிறகு தொடங்கும். நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலைக்காலத்தின் பெரும்பகுதி உத்திரமேரூர் வட்டாரத்திலேயே போயிற்று. மேசைக்குப் பின்னால் உட்காருகிறவர் டாக்டர், மாட்டுக்குப் பின்னால் நிற்கிறவன் ஆய்வாளர். ஊருக்கு இரண்டு பேருமே டாக்டர்தான். என்னை ‘ஊசி டாக்டரு’ என்பார்கள்.

பேரணி என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். ஏரிக்கரையோரம் சவுக்குக் கழி நட்டு, குறுக்கே ஒரு கயிறு. அதில் வரிசையாகக் கன்றுகள். விடியற்காலையிலேயே தேய்த்துக் குளிப்பாட்டி, நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, கழுத்தில் கதம்பமோ பிளாஸ்டிக் பூமாலையோ போட்டுப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள் பெண்கள். டாக்டர் வரிசையில் நடப்பார். ரோமம் மினுங்குகிறதா, வயிறு புழுவால் பானை போல் உப்பியிருக்கிறதா, விலா தெரிகிறதா, பின்னங்கால்கள் நேராக நிற்கின்றனவா, காம்பு நாலும் ஒழுங்காக இடம்விட்டு இருக்கின்றனவா என்று பார்ப்பார். முதல் பரிசுக்கு ஒரு எவர்சில்வர் வாளியோ குடமோ. மற்றவர்களுக்குத் தாது உப்புப் பொட்டலம். வாளி வாங்கிய வீட்டில் அன்றைக்கு நடை வேறு மாதிரி இருக்கும்.

திருப்புலிவனம் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு பையன் காளங்கன்றைப் பிடித்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றுவிட்டான். செவலையில் வெள்ளைத் திட்டு, ஜெர்சிக் கலப்பு. உள்ளதைச் சொன்னால் அந்த வரிசையிலேயே கொழுகொழுவென்று இருந்தது அதுதான். “தம்பி, கிடேரிக்குத்தான் பரிசு. இது காளங்கன்னு” என்றேன். “இதான சார் பெருசா இருக்குது?” என்றான். கூட வந்த ஆயா அவன் கையிலிருந்து தும்பைப் பிடுங்கிக்கொண்டது. “அதான் அப்பவே சொன்னேன்ல. இது நிக்காதுடா.”

நிற்காது என்றால் வீட்டில் நிற்காது, கொஞ்ச நாளில் போய்விடும் என்று அர்த்தம். அந்தப் பையனைத் தவிர அங்கே எல்லாருக்கும் அது தெரியும்.

உழவுக்கு டிராக்டர் வந்தாயிற்று. நெல் மூட்டை ஏற்ற சின்ன யானை வண்டி வந்தாயிற்று. கலப்பினக் காளை வெயிலில் ஏர் இழுக்கவும் லாயக்கில்லை. அதற்குத் திமிலும் இல்லை, தாக்குப்பிடிக்கும் உடம்பும் இல்லை. சினை ஊசி வந்த பிறகு பொலிகாளையும் தேவைப்படவில்லை. காளங்கன்று குடிக்கும் பால் ஒவ்வொரு லிட்டரும் பால் சங்கத்துக்குப் போகாத பால். ஆகவே சீம்பால் காலம் முடிந்ததும் அதற்குப் பால் குறைகிறது. பிறகு ஒரு நாள் வியாபாரி டி.வி.எஸ். எக்ஸெல்லில் வருகிறார். இதை நான் யாரையும் குற்றம் சொல்லி எழுதவில்லை. இரண்டு மாடு வைத்துப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் பெண்ணுக்குக் காளங்கன்றைப் பத்து வருஷம் சும்மா கட்டித் தீனி போட முடியாது.

நாட்டுக் கணக்கும் இதைத்தான் சொல்கிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் மாடுகள் 19 கோடியே 25 லட்சம். அதில் பெண்ணினம் மட்டும் 14 கோடியே 51 லட்சம். ஆணினம் ஐந்து கோடிகூட இல்லை. பிறக்கும்போது ஏறக்குறைய பாதிக்குப் பாதி. எண்ணும்போது மூன்றுக்கு ஒன்று. இடையில் காணாமல் போனவை எங்கே என்று கேட்கிற ஒரு கட்டம் அந்தக் கணக்குப் படிவத்தில் கிடையாது.

நம்மூரில் கறிக்கென்று மாடு வளர்ப்பவர் யாரும் இல்லை. ஆனாலும் கறிக்கடை இருக்கிறது. இந்த இரண்டு வாக்கியமும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதை நம் சமயம் எப்படி ஜீரணிக்கிறது என்பதுதான் என் கேள்வி. கொல்லலாமா கூடாதா என்பதைப் பற்றிப் பேச ஆள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அதற்கு ஒரு படி முன்னால் நிற்கிற ஆள் மேல்தான் கண். கறந்தவர், விற்றவர், குடித்தவர். அதாவது நானும் என் காலைக் காபியும்.

வேலூர் பக்கம் பொய்கைச் சந்தை செவ்வாய்க்கிழமை கூடும். விடியும் முன்பே வண்டிகள் வந்துவிடும். கறவை ஒரு பக்கம், சினை மாடு ஒரு பக்கம், ஜோடி எருது ஒரு பக்கம் என்று அதுவாகவே இடம் பிரியும். ஓரத்தில் ஒரு கூட்டம் நிற்கும். வத்திப்போன பசு, கால் தாங்கும் எருது, கன்றுக்குட்டிகள். அடிமாடு என்ற சொல்லை எல்லாரும் அறிவார்கள், விற்கிறவர் மட்டும் வாயில் எடுக்க மாட்டார். வாங்குகிறவரும் நாகரிகம் தெரிந்தவர். “வளர்ப்புக்குத்தாம்மா” என்பார். துண்டுக்கு அடியில் கை கோக்கப்படும். விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். எவ்வளவு என்று பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. எனக்கு அந்தத் துண்டு எப்போதும் விலையை மட்டும் மறைப்பதாகத் தோன்றியதில்லை.

பணம் கை மாறியதும் ஒன்று நடக்கும். விற்றவர் தன் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி வைத்துக்கொள்வார். வாங்கியவர் தான் கொண்டுவந்த புதுக் கயிற்றைப் போட்டு ஓட்டிக்கொண்டு போக வேண்டும். கயிற்றோடு கொடுத்தால் வீட்டு லட்சுமி கூடவே போய்விடும் என்பது நம்பிக்கை. எங்கள் பக்கத்தில் இதை மீறி நான் பார்த்ததில்லை. அழுதுகொண்டே மாட்டை விற்கிற அம்மாகூடக் கயிற்றை மறக்காது.

காஞ்சிபுரத்துக்காரனுக்கு இதைப் பார்த்தால் சைவ சித்தாந்தம் நினைவுக்கு வராமல் போகாது. அங்கே உயிர்தான் பசு. அதைக் கட்டியிருப்பது பாசம். அவிழ்த்து விடுகிறவன் பதி. சந்தையில் நாம் பதியின் வேலையைச் செய்கிறோம், ஆனால் பாசத்தை மட்டும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோகிறோம். செல்வம் நம்முடையது, சாவு வாங்கியவனுடையது என்று கயிற்றைக் கொண்டே ஒரு கணக்கை முடித்துவிடுகிறோம். இந்தச் சடங்கு அன்பில்லாதவர்களின் சடங்கு அல்ல. அன்புள்ளவர்களுக்குத்தான் இது தேவைப்படுகிறது.

கோயில் கணக்கிலும் இப்படி ஒன்று உண்டு. சோழர் கல்வெட்டுகளில் நந்தாவிளக்கு எரிக்க ஆடு மாடு கொடுப்பார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்து வீதம்: ஒரு விளக்குக்கு நாள்தோறும் உழக்கு நெய், அதற்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. தொண்டைமண்டலக் கோயில்களிலும் 96 ஆடு அடிக்கடி வரும் எண்தான். ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்லில் வெட்டியிருக்கும். சாகாதவை, கிழடாகாதவை. இடையர் கையில் ஒப்படைத்த மந்தையின் எண்ணிக்கை என்றும் குறையக் கூடாது, செத்ததற்கும் கிழடானதற்கும் குட்டி ஈடு செய்யும் என்பது ஏற்பாடு. கெட்டிக்கார நிர்வாகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கால்நடைக்காரன் மூளை சும்மா இருக்காது. 48 பசு என்றால் வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு காளங்கன்றாவது விழுமே? அந்தக் காலத்தில் ஏரும் ஏற்றமும் இருந்தன, அவை எங்கோ வேலைக்குப் போயிருக்கும். கிழடானவை? கல்வெட்டு நெய்யின் அளவைச் சொல்கிறது. விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. மந்தை சாகவே இல்லை. மாட்டின் சாவைப் பார்க்காமல் இருக்கும் வித்தையை நாம் பால் சங்கம் வந்த பிறகு கற்றுக்கொண்டோம் என்று நினைத்தால் அது தப்பு.

பசு என்றுமே தொடப்படாததாக இருந்தது என்பதும் நம் நூல்களோடு ஒத்துப்போகவில்லை. அகநானூற்றில் ஆநிரை கவர்ந்த மழவர் வேப்பமரத்துத் தெய்வத்துக்குக் கொழுத்த பசுவைப் பலியிட்டு அந்த இறைச்சியை வேகவைத்து உண்ணும் காட்சி உண்டு. மறுபுறம் மணிமேகலையில் ஆபுத்திரன் கதை. தாய் விட்டுவிட்டுப் போன குழந்தைக்கு ஏழு நாள் பால் கொடுத்துக் காத்தது ஒரு பசு. வளர்ந்த பிறகு வேள்விக்குக் கட்டப்பட்டிருந்த வேறொரு பசுவை அவன் இரவோடிரவாக அவிழ்த்துக்கொண்டு போகிறான், பிடிபட்டு அடிபடுகிறான். பால் குடித்த கடனைப் பாலுக்கே திருப்பிக் கொடுத்தவன் என்று நம் இலக்கியத்தில் நான் கைகூப்புகிற ஒரே ஆள் அவன்தான். அவன் கயிற்றைச் சுருட்டி வைத்துக்கொள்ளவில்லை. மாட்டோடு சேர்ந்து தானும் போனான்.

அந்தக் காப்பியத்தின் கடைசிப் பகுதி நடப்பது எங்கள் காஞ்சியில். ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் வந்தபோது இங்கே பௌத்தப் பள்ளிகள் நூறளவில் இருந்ததாக எழுதியிருக்கிறார். தேரவாத பிக்குகளுக்கு ஒரு விதி உண்டு: தனக்காகவே கொல்லப்பட்டதைப் பார்க்கவில்லை, கேட்கவில்லை, சந்தேகிக்க இடமில்லை என்றால் பாத்திரத்தில் விழும் இறைச்சியை உண்ணலாம். போட்டதைத் தின்ன வேண்டிய பிச்சைக்காரனுக்கு ஏற்பட்ட விதி அது. விலை கொடுத்து வாங்குகிறவனுக்கு அல்ல. காஞ்சியில் பௌத்தம் போய்விட்டது, இந்த விதி மட்டும் தங்கிவிட்டது என்று எனக்குப் படும். இன்று அதைக் கடைப்பிடிப்பவர்கள் சைவ உணவுக்காரர்களான நாம். பார்க்கவில்லை, கேட்கவில்லை. சந்தேகிக்கவும் மாட்டோம் என்று பிடிவாதமாக இருக்கிறோம்.

வள்ளுவர் இந்த இடுக்கில் யாரையும் ஒளிய விடவில்லை. தின்பதற்கு வாங்குகிறவர் இல்லை என்றால் விலைக்குப் புலால் விற்கிறவரும் இருக்க மாட்டார் என்று புலால் மறுத்தலில் சொல்லிவிட்டார். பாவத்தைக் கத்தியிலிருந்து எடுத்து வாங்குபவன் மடியில் போட்டார். எனக்கு ஒரே ஒரு ஆதங்கம். அவர் சங்கிலியைக் கறிக்கடையிலிருந்து தொடங்குகிறார். எங்கள் தொழிலில் அது தொழுவத்திலிருந்து தொடங்குகிறது. வாங்குகிறவர் நின்றுவிட்டால் அந்த ஆயா காளங்கன்றை என்ன செய்யும்? தெருவில்தான் விடும். வட மாநிலங்களில் அப்படித்தான் ஆயிற்று. 2019 கணக்கெடுப்பில் நாடு முழுக்கத் தெருவில் திரியும் மாடுகள் மட்டும் 50 லட்சம். இரவில் பயிருக்குக் காவல் இருக்கும் உழவர்களைக் கேட்டால் அங்கே அகிம்சை என்ன விலை விற்கிறது என்று சொல்வார்கள்.

நம் மாநிலத்தில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பத்து வயதைத் தாண்டி வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாது, அல்லது காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கிவிட்டது என்று சான்று கிடைத்தால்தான் அறுக்கலாம். சான்று தருகிறவர் அதிகாரி. மாட்டின் வாயைத் திறந்து பிடிப்பது என்னைப் போன்றவன். ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று அஞ்சு வயசு வரைக்கும் பல் பொய் சொல்லாது. அதற்கு மேல் தேய்மானத்தையும் கொம்பு வளையத்தையும் பார்த்து மதிப்பிட வேண்டியதுதான். நல்ல கன்றுக்குட்டிக்கு அந்தச் சட்டத்தில் வழியே இல்லை. வழி இல்லை என்பதால் அது போகாமலா இருக்கிறது?

ஆக, பழி முழுவதையும் கடைசியில் நிற்பவர் தலையில் கட்டிவிடுகிறோம். செத்த மாட்டை எடுத்துப்போகச் சொன்னதும் நாம், எடுத்தவரைச் சேரிக்குத் தள்ளியதும் நாம். தீண்டாமையின் வேரையே மாட்டிறைச்சியில் காட்டி அம்பேத்கர் 1948இல் ஒரு புத்தகம் எழுதினார். அவருடைய வரலாற்று ஊகங்கள் எல்லாவற்றையும் ஒருவர் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் தின்றவனை விலக்கி வைத்துவிட்டு மாட்டின் மீதி லாபம் எல்லாவற்றையும் ஊர் எடுத்துக்கொண்டது என்பதற்கு எந்தக் கிராமத்துக்குப் போனாலும் சாட்சி கிடைக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். முறைப்படி அறுக்கும் முஸ்லிம் கத்தி வைக்கும்போது இறைவன் பெயரைச் சொல்லியாக வேண்டும். நான் அந்த மதத்தவன் அல்ல, மாட்டுக்கறி தின்கிறவனும் அல்ல. தின்னாதது பழக்கம்; அதை அறம் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம். ஆனால் தொழுவத்திலிருந்து கடை வரைக்கும் அந்த மாட்டைக் கைமாற்றிய இத்தனை பேரில் அதன் சாவைக் கடவுளுக்குத் தெரியும்படிச் சொல்கிறவர் அந்த ஒருவர்தான். நாங்கள் எல்லாம் பொங்கலன்று அதன் கொம்புக்கு வர்ணம் அடித்ததோடு சரி.

என் அக்கா மகன் டெக்சஸில் இருக்கிறான். அவன் மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஒரு காளையை வளர்த்தாள். அங்கே கவுன்டி அளவில் கண்காட்சி நடத்துகிறார்கள். 1902இல் ஓஹியோவில் தொடங்கிய பிள்ளைகள் சங்கம் ஒன்று வளர்ந்து இன்று ‘4-எச்’ என்ற பெயரில் நாடெங்கும் இருக்கிறது. அதன் பிள்ளைகள் காயடித்த காளைக் கன்றை வாங்கி, ஒரு வருஷத்துக்கு மேல் தீனி போட்டு, எடை கணக்கெழுதி, குளிப்பாட்டி, ரோமத்தைச் சீவி, நடக்கப் பழக்கி, நடுவர் முன் கொண்டுபோகிறார்கள். நடுவர் பார்ப்பது மடிக்காம்பை அல்ல. முதுகின் அகலம், தொடைச் சதை, தோலடிக் கொழுப்பு. கறியாக எப்படி விழும் என்பதை உயிரோடு இருக்கும்போதே தடவிப் பார்க்கிறார். பிறகு ஏலம், பிறகு லாரி. 2022இல் ஹூஸ்டன் கண்காட்சியில் முதல் பரிசுக் காளை பத்து லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

போட்டோ அனுப்பியிருந்தான். மாட்டைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. திமிலும் தொங்கு தாடையுமாக நம்ம ஊர் ஜாடை. அந்த ஊர் பிரம்மன் இனம் இங்கிருந்து போன குஜராத், நெல்லூர் மாடுகளின் வம்சம். பிரேசிலில் கறி மாடுகளில் பெரும்பங்கு ‘நெலோர்’. இங்கே ஓங்கோல் என்போமே, அதுதான். காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பகல் பயணத்தில் போய்விடக்கூடிய ஊர் நெல்லூர். இங்கே ஏர் இழுத்து, நந்தியாகக் கல்லில் உட்கார்ந்த மாடு, அங்கே கறித்தட்டின் மகாராஜா. எங்கள் காஞ்சியின் ஓரிக்கை மணிமண்டபத்து நந்தியைப் பார்க்கும்போதெல்லாம் இந்த நினைப்பு வந்து தொலைக்கிறது.

அந்தப் பெண்ணின் காளை போன அன்றைக்கு அவள் அழுதாளாம். அழுதுவிட்டு, வாங்கியவருக்கு நன்றிக் கடிதம் எழுதினாளாம். அது அங்கே வழக்கம். முதலில் எனக்கு அது கொடூரமாகப் பட்டது. யோசித்துப் பார்த்தால், எங்கே போகிறது என்று தெரிந்தே அந்தக் குழந்தை கயிற்றைக் கொடுக்கிறது. பெயர் வைத்து வளர்த்ததன் முடிவு இன்னது என்று பதின்மூன்று வயதில் ஒருவருக்குத் தெரிவது நல்லதா கெட்டதா என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஆனால் பொய் இல்லை.

அதற்காக அந்த ஊரைத் தூக்கிவைத்துப் பேச வேண்டாம். 2022இல் கலிபோர்னியாவில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி கண்காட்சியில் தன் ஆட்டுக்குட்டியைக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். தாய் பணத்தைத் திருப்பிக் கட்டுகிறேன் என்று சொல்லியும் கண்காட்சிக்காரர்கள் கேட்கவில்லை. ஷெரிப்பின் ஆட்கள் நெடுந்தூரம் காரில் போய் ஆட்டைப் பிடித்து வந்தார்கள், அது அறுக்கப்பட்டது. சிறுமியின் வீட்டார் வழக்குப் போட்டு 2024இல் மூன்று லட்சம் டாலர் நஷ்ட ஈடு வாங்கினார்கள். ஆபுத்திரனைப் பிடித்து அடித்தவர்களும் அந்த ஆட்களும் ஒரே ஜாதி. வேள்வி என்றால் வேள்வி, ஏலம் என்றால் ஏலம். நடுவில் ஒரு குழந்தைக்கு மனசு மாறக் கூடாது.

இப்போது எங்கள் துறையில் புதுசாக ஒன்று வந்திருக்கிறது. பாலினம் பிரித்த உறைவிந்து. எக்ஸ் நிறப்புரி உள்ள விந்தணுவில் மரபுப்பொருள் சுமார் நாலு சதவீதம் அதிகம்; சாயமேற்றி லேசர் வழியாக ஒவ்வொன்றாகச் செலுத்தினால் இயந்திரம் பிரித்துவிடும். அந்த ஊசி போட்டால் பத்தில் ஒன்பது கிடேரி. அரசே மானியம் தருகிறது. காளங்கன்றுப் பிரச்சினை தீர்ந்தது என்று அதிகாரிகளுக்குச் சந்தோஷம். எனக்கும் பாதிச் சந்தோஷம். பசியில் செத்துக் கிடக்கும் கன்றுகளைப் பார்த்தவன் அந்த ஊசியை வேண்டாம் என்று சொல்ல மாட்டான். ஆனால் இதையும் அகிம்சை என்று சொல்கிறார்களே, அங்கேதான் இடிக்கிறது. பிறந்ததைக் கொல்லாமல் இருப்பது ஒன்று. தொந்தரவு தருகிற இனத்தைப் பிறக்கவே விடாமல் செய்வது வேறொன்று. முன்னதில் ஒரு உயிருக்கு முன்னால் நாம் நிற்கிறோம். பின்னதில் நம் சௌகரியம் மட்டும்தான் நிற்கிறது. அதற்கு வேறு நல்ல பெயர் ஏதாவது இருந்தால் வைக்கட்டும்.

களியாம்பூண்டிப் பக்கம் எனக்குப் பழக்கமான ஒரு அம்மா வீட்டில் மாடு பருவத்துக்கு வந்திருந்தது. ஊசி போடும் பையனோடு நானும் போயிருந்தேன். இதைப் போட்டால் பொட்டைக் கன்றுதான் விழும் என்று பையன் விளக்கினான். அம்மா கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பியது.

“எல்லாரும் இதையே போட்டுக்கினா, கோயிலுக்கு நேந்துவுட காளைக்கு எங்க சாரு போறது?”

“வெலைக்குத்தாம்மா வாங்கணும்.”

“வெலைக்கு வாங்கி வுட்டா அது நேத்திக்கடனா?”

பையன் கையில் ஊசிக் குழாயை வைத்துக்கொண்டு காத்திருந்தான். கலத்தை விட்டு எடுத்த விந்துக் குச்சி வெதுவெதுப்பான நீரில் கிடந்தது. வெகுநேரம் வைக்க முடியாது. அம்மா மாட்டின் முதுகைத் தடவியது.

“சரி, பொட்டை ஊசியே போடு. பால் வேணுமில்ல.”